காஸ்பரின் முன்பற்கள்

புருசன் இருப்பது குவைத்தில். பல் கட்டுவது புதுச்சேரியில். ஏற்பாடு செய்வது செஞ்சியில். மழைக்காலம் முடிந்ததிலிருந்து ஜெயராணிக்கு இதே வேலை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள தையல் கடையில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே, போனைத் தோளில் இடுக்கிப் பேசுவாள். எதிர்முனையில் தமிழினி, வெளிநாட்டு நோயாளிகளைக் கவனிக்கவென்று புதுச்சேரிப் பல் ஆஸ்பத்திரியில் வேலைக்கு வைத்திருக்கும் பெண்.

"சார் எந்த நாடுங்க மேடம்?"

"செஞ்சிதாம்மா. பொழப்புதான் குவைத்து."

குடோனில் தள்ளுவண்டிக் கம்பி அடித்து காஸ்பருக்கு மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு போய்விட்டன. அங்கேயே கட்டினால் சம்பாதித்ததெல்லாம் வாய்க்கே போய்விடும். முதுகும் மூட்டை தூக்கித் தூக்கி ஓய்ந்திருந்தது. "பல்லை வெச்சிட்டு வா, கடையில கல்லாவுல உக்கார வெக்கிறேன்" என்று சூபர்வைசர் சொல்லியிருந்தார். இன்னும் ஒரு வருசம் குடோனில் கிடந்தால் இந்த மனுசன் படுத்துவிடுவார் என்று ஜெயராணிக்குத் தெரியும். அதற்காகத்தான் எக்ஸ்ரேயை அனுப்பினாள், டாக்டரை வீடியோவில் பேச வைத்தாள், லீவுக்குத் தோதாக நாளும் வாங்கினாள்.

காஸ்பர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். "அக்காவுக்கு மட்டும் சொல்லாத ஜெயா. அடிபட்டதுன்னு தெரிஞ்சா ஊரையே கூட்டி ஒப்பாரி வெச்சிடும்."

வந்து இறங்கிய கையோடு ஆஸ்பத்திரி. தாடை எலும்பில் திருகாணி இறக்கி, மேலே தற்காலிகப் பல்லும் வைத்துவிட்டார்கள். நிலையான பல் அடுத்த லீவில். "எலும்பு திருகாணியைப் பிடிச்சுக்கிற வரைக்கும் கஞ்சி, தயிர்சோறுதான். எதையும் கடிக்கவே கூடாது" என்றார் டாக்டர்.

ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்கு முதல் விருந்து கூடப்பிறந்தவள் வீட்டில்தான். போகாவிட்டால் பகை, போய்ச் சாப்பிடாவிட்டால் அதைவிடப் பெரிய பகை. அக்கா ஆரோக்கியம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரையும் கையோடு இழுத்துப்போனாள். நாட்டுச்சேவல் குழம்பு. தொடையை எடுத்துத் தம்பி இலையில் வைத்தாள்.

"இன்னாடா காஸ்பரு, கோயில்ல சாமியார்கிட்ட நன்மை அப்பம் வாங்குற மாதிரி நாக்கு நுனியில வெக்கிற?"

"வயிறு சரியில்லக்கா."

"அரபுக்காரன் சோறு தின்னு அக்கா கை கசந்துபோச்சு. எடுத்துடு ஜெயா, நாய்க்குப் போடுறேன்."

ஜெயராணி சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தாள். காஸ்பர் அவளைப் பார்த்தார். மூடிக்கொண்டாள். அவர் தொடையை எடுத்துக் கடித்தார். எலும்புவரை கடித்தார். அக்காவின் முகம் மலர்ந்தது.

அந்த வாரத்துக்குள்ளேயே பல் ஆட ஆரம்பித்தது. டாக்டர் திருகாணிகளைக் கழற்றிவிட்டார். எலும்பு ஆறி மறுபடி இறக்க மூணு நாலு மாசம் ஆகுமாம். லீவோ முடியப்போகிறது. இப்போதைக்குக் கழற்றி மாட்டும் பல்செட்டு ஒன்றைக் கொடுத்தார்கள்.

ஆரோக்கியத்துக்குச் செய்தி போனதும் ஓடி வந்தாள். "சொல்லியிருந்தா கஞ்சி காய்ச்சி ஊத்தியிருப்பனேடி. அவன்தான் ஊமை, நீயுமா?"

"டீ போடட்டுமா அண்ணி?" என்றாள் ஜெயராணி. கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

ஈறில் உறுத்திய பல்செட்டை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ராவித் தேய்த்து மாட்டிக்கொண்டு புதுச்சேரியிலிருந்து திரும்பும்போது, திண்டிவனம் தாண்டி பஸ்ஸில் சூபர்வைசரின் போன் வந்தது.

"பல்லு வெச்சாச்சா?"

"வெச்சாச்சு சார்" என்றார் காஸ்பர். பல்செட்டு நழுவியது. கட்டைவிரலால் மேலே தள்ளினார்.

"பேச்சு ஒரு மாதிரி வருதே. சரி வா, உக்காந்து பாரு. தோதுப்படலைன்னா குடோன் இருக்கவே இருக்குது."

ஜெயராணியின் காதிலும் அது விழுந்தது. அவள் தன் போனை எடுத்துத் தமிழினியைக் கூப்பிட்டாள்.

"அடுத்த லீவு எப்ப மேடம்?"

"தெரிஞ்சா சொல்றேம்மா. லிஸ்ட்டுலேர்ந்து எங்க பேரை மட்டும் எடுத்துடாத."

பக்கத்தில் காஸ்பர், கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய சலாமை ஜன்னல் பக்கம் திரும்பி மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பாதியில் பல்செட்டு நழுவியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.