வாயில் கை வைத்து நின்றவர்

1. மேசைக்கு முன்னால்

"ஐயா, துருசுக்குப் பக்கத்தால தண்ணி கசியுது."

துருசு என்றால் குளத்து மதகு. சொன்னவர் சாமித்தம்பி. வெல்லாவெளிப் பக்கத்துச் சிறு குளம் ஒன்றின் வட்டவிதானை; வயற்காரர்கள் தங்கள் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, தண்ணீர் பங்கிடத் தெரிவுசெய்த ஆள். நான் நீர்ப்பாசன அலுவலகத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர்.

"தெளிஞ்ச தண்ணியா, கலங்கின தண்ணியா?"

"கலங்கித்தான் ஐயா வருகுது."

தெளிந்த கசிவென்றால் பொறுக்கலாம். கலங்கி வந்தால் குளக்கட்டு உள்ளே அரிபடுகிறது என்று அர்த்தம். உடனே தண்ணீரைத் திறந்து குளத்தின் மட்டத்தை இறக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். ஆனால் நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சால்வை கக்கத்தில். கை வாயைப் பொத்தியிருந்தது. பார்வை என் மேசைக் காலில்.

போன வாரம்தான் கொழும்பில் உடல்மொழிப் பயிற்சி முடித்திருந்தேன். கண்ணைப் பார்க்காதவர் மறைக்கிறார், வாயைப் பொத்துபவர் பொய் சொல்கிறார் என்று குறிப்பெடுத்திருந்தேன். சிறுபோக விதைப்புக்கு முந்தித் தண்ணீர் எடுக்கத்தான் இந்தக் கதை என்று முடிவுகட்டினேன். கோப்பில் 'நம்பத்தக்க தகவல் அல்ல' என்று எழுதினேன்.

"கண்ணைப் பார்த்துக் கதையும், விதானை. கட்டு உடைஞ்சா வந்து சொல்லும்."

அவர் போனதும் எங்கள் சாரதி, ஏறாவூர் மீரான், வாசலில் நின்று சிரித்தார். "சேர், அந்த மனிசன் பெரிய ஆக்களுக்கு முன்னால வாயில கை வெச்சுத்தான் நிப்பார். எச்சில் தெறிக்கப்படாதாம். எங்களோட நிண்டா அந்த வாய் மூடாது!"

"நீர் வாகனத்தைப் பாரும்" என்றேன்.

2. குளக்கட்டின் மேல்

மூன்றாம் நாள் காலை துருசோரம் ஓட்டை விழுந்துவிட்டதென்று செய்தி வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விதானை நெஞ்சளவு தண்ணீரில் நின்று மண்மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். கட்டுக்குக் கீழே, விதைப்புக்குச் சமப்படுத்திய அவருடைய சொந்த வயலைத்தான் வெட்டி மூட்டை கட்டினார்கள். மண் கிட்ட இருந்தது அங்கேதான்.

"ஐயா, அங்கால தள்ளி நில்லுங்க! டேய் மீரான், புதினமா பாக்கிறாய்? மூட்டையத் தூக்குடா!"

என் கண்ணைப் பார்த்தே கத்தினார்.

மத்தியானம் கசிவு நின்றது. அவர் ஈரம் சொட்ட ஏறிவந்தார். சால்வையை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். கை வாய்க்குப் போனது.

"ஐயாட்டக் கேக்காமக் கட்டுல வேலை செஞ்சிட்டம். குறை நினைக்கப்படாது."

பதில் சொல்லுமுன் எங்கள் அலுவலகப் பொறியியலாளர் வந்துவிட்டார். "நேரத்துக்கு ஆக்களைச் சேர்த்திருக்கிறீர். நல்ல வேலை" என்று என்னிடம் சொன்னார். நான் மறுக்கவில்லை. விதானை பக்கத்தில்தான் நின்றார். என் கண் நிலத்தில் இருந்தது. கை எப்போது வாய்க்குப் போனதென்று தெரியவில்லை. என் குறிப்பின்படி அன்று அங்கே நின்ற பொய்யன் நான்தான்.

3. பிறகு

அந்தப் போகம் அவர் வயல் தரிசாகக் கிடந்தது. என்னைப் பற்றி அவர் எவரிடமும் வாய் திறக்கவில்லை. அவரைப் பற்றிக் கோப்பில் எழுதியதைத் திருத்தாமலே ஓய்வுபெற்றேன். மன்னிப்புக் கேட்க மட்டும் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனேன்.

"அத விடுங்க ஐயா, குளம் நிண்டுதே" என்றார்.

அந்த ஓட்டைக்குப் பிறகு, ஓய்வுபெறும் வரை, எவர் வந்து கசிவு என்றாலும் நாற்காலியை விட்டு எழுந்து, "வாங்க, போய்ப் பாப்பம்" என்பேன். என் பொறுப்பில் எந்தக் கட்டும் உடையவில்லை. அது அவர் எனக்குச் செய்த உபகாரம்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பயிற்சிக்குப் போங்கள், குறிப்பும் எடுங்கள். ஆனால் தண்ணீர் கலங்கியிருக்கிறதா என்று அறியக் குளத்துக்குத்தான் போக வேண்டும். சொல்ல வந்தவரின் முகத்தில் அது தெரியாது.