வேதமுத்து உபதேசியார் வாசித்த மூன்றாம் ஓலை

என் மாமனார் வேதமுத்துவுக்கு இயேசுநாதரைப் பற்றி ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. என்னைப் பற்றித்தான் வந்தது. நான் குடிக்கிறவனா, சீட்டாடுகிறவனா என்றெல்லாம் அவர் விசாரிக்கவே இல்லை. நான் பொன்னையாவின் மகன் என்பதுதான் அவருக்கு இடித்தது. இன்றைக்கு அவர் மடியில் என் மகள் உட்கார்ந்து அவர் மீசையைப் பிடித்து இழுக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் "அப்பாடா, தப்பிச்சோம்" என்று எனக்கு மூச்சு வருகிறது.

ஹட்டனில் பஸ் ஏறி, இறங்கி, அப்புறம் நாக்குத் தள்ள மலையேறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். அவரும் என் அப்பாவும் திருச்சிப் பக்கம் ஒரே ஊர். பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கப்பலில் வந்த பையன்கள். வளர்ந்ததும் ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பரா கிடைத்தது. நடுச்சுவர் கூரை வரைக்கும் எட்டாது. இந்த வீட்டில் பிள்ளை தும்மினால் அந்த வீட்டிலிருந்து "நூறு" என்று குரல் வரும். இரண்டு பேருக்கும் கவ்வாத்து வேலை. தேயிலைச் செடியின் தலையைக் கத்தியால் மட்டமாக வெட்டி இறக்குவது. ஒருவரை ஒருவர் "மச்சான்" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

வேதமுத்துவுக்கு வெண்கலத் தொண்டை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டப் படித்தவர், அதற்கப்புறம் வேதத்தைப் படித்துப் படித்தே தமிழ் முழுவதையும் பழகிவிட்டார். பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம். ஐயர் ஹட்டனிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் தகரக் கூரை போட்ட எங்கள் சின்னக் கோயிலில் ஜெபம் பண்ணுவதும் பாட்டெடுத்துக் கொடுப்பதும் வேதமுத்து உபதேசியார்தான். திங்கட்கிழமை விடிந்தால் மறுபடி கவ்வாத்துக் கத்தி.

அவர் மனைவி மீனம்மா காய்ச்சலில் போனபோது மகள் ஞானப்பூவுக்குப் பால்பல் கூட விழவில்லை. கொட்டுகிற மழையில் குழி வெட்டியது என் அப்பா. அன்றைக்கு ஜெபம் பண்ண வேதமுத்துவின் வெண்கலத் தொண்டை எழும்பவில்லை, அப்பாதான் தனக்குத் தெரிந்த இரண்டு வரியைச் சொல்லி மண் தள்ளினார். அதற்கப்புறம் ஞானப்பூ சாப்பிட்டதெல்லாம் என் அம்மா ராசம்மாவின் கையால்தான். "உன் மகளுக்கு என் மகன்" என்று இரண்டு பேரும் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்?

ஐம்பத்தொன்பதில் ஒரு சம்பளத்துக்கு மறுநாள் அப்பா அரிசி வாங்க ஹட்டனுக்குப் போனார். பஸ் நிற்கிற இடத்தில், நாங்கள் புதுக்கூட்டம் என்று சொல்கிற வேறு சபைக்காரர்கள் சிலர் வேதத்தை விரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா நின்று கேட்டார். கேட்டவர் கேட்டவர்தான், கடைசி பஸ்ஸில் வெறும் சாக்கோடு வந்து சேர்ந்தார்.

"அரிசி எங்கங்க?" என்றாள் அம்மா.

"கடவுள் ஒருத்தர்தான் ராசம்மா. இயேசு அவரோட மகன். அப்பன் வேற, மகன் வேற. இத்தனை நாளா நாம தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருக்கோம்."

"அது இருக்கட்டும். அரிசி எங்க?"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வேதமுத்துவின் குரல் வந்தது. "மச்சான், இப்ப என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு." வந்தது வினை!

மறுநாள் மலையில் தொடங்கினார்கள். தானும் தகப்பனும் ஒன்று என்று இயேசு சொன்ன இடத்தை வேதமுத்து காட்டுவார். தகப்பன் தன்னைவிடப் பெரியவர் என்று அதே இயேசு சொன்ன இடத்தை அப்பா காட்டுவார். வேதம் தீர்ந்து போனால் தேயிலைக்கு வந்துவிடுவார்கள்.

"வேரு, தண்டு, கொழுந்து. மூணும் ஒரே செடிதானே?" என்பார் வேதமுத்து.

"கொழுந்தைக் கிள்ளினா செடி சாவுதா? சாவலியே! அப்ப வேற வேறதானே?" என்பார் அப்பா.

"கிள்ளின எடத்துலயே திரும்பத் துளுக்குதா இல்லியா? அதுதான்யா உயிர்த்தெழுதல்!"

கங்காணி ஆண்டியப்பன் எங்களைப் போல வேதக்காரர் இல்லை, முருக பக்தர். அவர் தலையில் அடித்துக்கொள்வார். "எங்க சாமியில மகன் அப்பனுக்கே பாடம் சொல்லிக் குடுத்துட்டாரு. நாங்க ஏதாச்சும் சண்டை போட்டமா? கத்தியை ஓட்டுங்கய்யா!"

கடைக்கார முனாப் காக்காவைத் தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டதுதான் எல்லாவற்றையும்விட வேடிக்கை. நிறுவையில் பிசகாத மனுசன், ஆகவே நியாயத்திலும் பிசக மாட்டார் என்று இரண்டு பேரும் அவர் கடைக்குப் போய் நின்றார்கள். முனாப் காக்கா தராசைக் கீழே வைத்துவிட்டார். "யா அல்லா! கடவுளுக்கு மகனே இல்லைங்கிற ஆளுகிட்ட வந்து இதைக் கேக்குறீங்களே! நான் வாயைத் தொறந்தா ரெண்டு பேரும் சேந்து என்னை அடிப்பீங்க. சீனி வேணுமா, பருப்பு வேணுமா, அதைச் சொல்லுங்க." அவர்கள் அதை யோசித்திருக்கவே இல்லை.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டே போயிருக்கலாம். ஒரு ஞாயிறு வேதமுத்து கோயிலில் ஜெபம் பண்ணும்போது, "வழிதப்பிப் போன ஆடு ஒன்று எங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறது ஆண்டவரே" என்றார். கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தால் தேவலை. அப்பாவையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

அப்பா எழுந்தார். "நான் ஆடா? இனிமே இந்தப் படியை மிதிச்சேன்னா என்னைக் கேளு."

"அந்த ஆளு பேரு இனிமே என் வாயில வந்தா என்னைக் கேளுங்க" என்றார் வேதமுத்து.

பெரிய மனுசர்கள் போடுகிற சத்தியமா இது? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டு பேரையும் ஒரே காம்பராவில் போட்டுப் பூட்டியிருப்பேன். அப்பா புதுக்கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். நானும் அம்மாவும் பழைய கோயிலுக்கே போய்வந்தோம். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கங்காணி இரண்டு பேருக்கும் நடு நிரையில் என்னை நிறுத்தினார். நிரை என்றால் ஒருவர் வெட்டிக்கொண்டு போகிற செடி வரிசை. இரண்டு கவ்வாத்துக் கத்திகளுக்கு நடுவில் நான்.

நேராகப் பேசாதவர்கள் தேயிலையிடம் பேசினார்கள். "ஏ செடி, அந்தப் பக்கத்து ஆளுகிட்ட தீட்டுக்கல்லு இருந்தா குடுக்கச் சொல்லு" என்பார் அப்பா. கல் என் வழியாகப் போகும். அப்பாவுக்கு வலது தோள்பட்டையில் வலி உண்டு, அவர் நிரை எப்போதும் பிந்தும். வேதமுத்து தன் நிரையை முடித்ததும் ஒன்றும் சொல்லாமல் மறுமுனைக்குப் போய், அப்பா வெட்ட வேண்டிய செடிகளில் பாதியை வெட்டிவிட்டுப் போய்விடுவார். அப்பா அங்கே வந்து சேர்ந்து செடியைப் பார்த்துச் சொல்வார்: "யாரோ ஒனக்குக் கோணலா வெட்டிட்டாங்க." நன்றி என்று ஒரு வார்த்தை? மூச்!

இரண்டு வருசம் இப்படியே ஓடியது. என் கல்யாணப் பேச்சை எடுக்க ஆளில்லை. அதற்குள் வேதமுத்துவின் தங்கை கொத்மலையிலிருந்து ஒரு சம்பந்தத்தோடு வந்து இறங்கினாள். மாப்பிள்ளை கணக்கப்பிள்ளை, முதல் சம்சாரம் செத்துப்போனவர். வேதமுத்து முடியாது என்று சொல்லவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞானப்பூ என்னைப் போல மலைத்துப் போய் உட்காருகிறவள் இல்லை. சுவரின் இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேரும் கேட்கத் தன் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மாமாவையாப்பா கட்டிக்கப் போறேன்? அவரு மகனைத்தானே?"

"அப்பன் புத்தி மகனுக்கு வராதா?"

"ஒன்னா ரெண்டான்னு நீங்க பேசி முடிச்சப்புறம்தான் எனக்குக் கல்யாணம்னா, நான் பரலோகத்துலதான் மாலை மாத்தணும்!"

அந்த மாதம் ஐயர் வந்தபோது அவளே நேராகப் போய் விசயத்தைச் சொன்னாள். ஐயர் உபதேசியாரைக் கூப்பிட்டார். "பையன் நம்ம சபையில ஞானஸ்நானம் வாங்கினவன், ஒழுங்காக் கோயிலுக்கு வர்றான். அப்பன் போனதுக்கு மகன் என்ன செய்வான்? அடுத்த ஞாயிறுலேர்ந்து ஓலை வாசியுங்க" என்று எழுதியும் கொடுத்துவிட்டார்.

எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சபையிடம் கேட்பது. மூன்றாம் ஓலை முடியும் வரை எந்தக் கல்யாணமும் கல்யாணம் இல்லை. "மூணுல ஒன்னு தடைப்பட்டாலும் கொத்மலைதான்" என்று வேதமுத்து மகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

முதல் ஓலை வாசித்தார். "நமது சபையைச் சேர்ந்த மாசிலாமணிக்கும், வேதமுத்து மீனம்மா மகள் ஞானப்பூவுக்கும்..." என் பெயரும் அவள் பெயரும் ஒரே மூச்சில் வந்ததில் எனக்குக் காது அடைத்துவிட்டது. தடை என்று யாரும் எழவில்லை. இரண்டாம் ஓலையும் அப்படியே முடிந்தது.

மறுநாள் மலையில் அப்பா செடியைப் பார்த்துக் கேட்டார். "என்ன வாசிச்சாங்களாம்? அந்தப் பயலைச் சொல்லச் சொல்லு."

நான் வார்த்தைக்கு வார்த்தை ஒப்பித்தேன். அப்பா முகம் கறுத்துப் போனது. கத்தியை ஓங்கி ஒரு வெட்டு வெட்டினார், செடி பாதியாகப் பிளந்தது. அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரோடும் பேசவில்லை. "அந்தக் கோயில்ல கல்யாணம் நடக்கிறது இவருக்குப் புடிக்கல போல" என்று அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

மூன்றாம் ஞாயிறு நல்ல மழை. வேதமுத்து காகிதத்தைக் கையில் எடுக்கிற நேரம், வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அப்பா வந்து நின்றார். படியை மிதிக்கவில்லை, கூரை இறவாணத்துத் தண்ணீர் தலையில் சொட்டச் சொட்டக் கீழேயே நின்றார். கோயில் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பெண்கள் பாயில் ஞானப்பூ என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தொலைந்தோம் என்று நினைத்தேன். பெற்ற அப்பன்மேல் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை.

வேதமுத்து வாசலைப் பார்க்காமல் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார். வாசித்து முடித்தார். "இந்த விவாகத்துக்குத் தடை சொல்ல யாராவது இருந்தால் இப்போதே சொல்லுங்கள்."

"நான் இருக்கேன்" என்றார் அப்பா.

ஞானப்பூவின் தலை கவிழ்ந்தது.

"மாசிலாமணி, மாசிலாமணின்னு வாசிக்கிறியே, அவன் யாரு மகன்? பொண்ணுக்கு அப்பன் பேரு இருக்கு, ஆத்தா பேரு இருக்கு. என் புள்ள என்ன ரோட்டுல கெடந்து எடுத்தவனா? அப்பன் பேரு சொல்லாம வாசிக்கிறது என்னய்யா ஓலை?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயர் அப்பாவின் பெயரையும் எழுதித்தான் கொடுத்திருந்தார். தன் சத்தியத்துக்காக வேதமுத்து மூன்று வாரமும் அதைத் தாண்டித் தாண்டி வாசித்திருக்கிறார்.

வேதமுத்துவுக்கு மூக்கு விடைத்தது. "அப்பன் வேற மகன் வேறன்னு ரெண்டு வருசமாக் கத்துனது நீதானே? வேறயாத்தான் வாசிச்சேன்!"

"ரெண்டும் ஒன்னுன்னு கத்துனது நீதானே? ஒன்னா வாசிக்க வேண்டியதுதானே!"

என் அம்மா, கோயிலில் எப்போதும் வாய் திறக்காத என் அம்மா, களுக்கென்று சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், பாய் பாயாகச் சிரிப்புப் பரவியது. செடியும் இல்லாமல், நானும் இல்லாமல், இரண்டு வருசத்துக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பேசிவிட்டார்கள். அது அவர்களுக்கே அப்புறம்தான் தெரிந்தது. வேதமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

காகிதத்தை மறுபடி தூக்கிப் பிடித்தார். அந்த வெண்கலத் தொண்டை திறந்தது. "நமது தோட்டத்துப் பொன்னையா ராசம்மா மகன் மாசிலாமணிக்கும்..." பொன்னையா என்கிற இடத்தில் கொஞ்சம் அழுத்தியே வாசித்தார். முடித்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். "தடை இருக்கா?"

"எனக்கு ஒன்னுமில்ல" என்றார் அப்பா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாசிப்புத்தான் கொஞ்சம் கோணல்."

"மழையில ஏன் மச்சான் நிக்கிற? உள்ள வா."

"சத்தியம் பண்ணியிருக்கேன்ல?"

"நானுந்தான் பண்ணினேன். இப்ப உன் பேரைச் சொல்லல?"

"கல்யாணத்துக்கு வர்றேன். மத்தபடி நான் நம்புறதுதான் நான் நம்புறது."

"யாரு உன்னை மாத்தச் சொன்னா?" என்று வேதமுத்து தன் குடையை எடுத்து வாசல் வழியாக நீட்டினார். அப்பா அதை விரித்துக்கொண்டு போனார். நான் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டேன். ஞானப்பூ சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. கொத்மலைக்காரருக்கு வேறு இடத்தில் பெண் கிடைத்தது, பாவம், அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

திங்கட்கிழமை மலையில் வழக்கம்போல நடு நிரைக்குப் போய் நின்றேன். அதுவரைக்கும் என்னை "டேய்" என்று மட்டுமே கூப்பிட்ட வேதமுத்து கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார். "மாப்பிள்ளை, நீங்க அந்தக் கடைசி நிரைக்குப் போங்க. நான் மச்சான் பக்கத்துல நிக்கணும். நேத்து ராத்திரி பூரா தேடி ஒரு வசனம் கண்டுபிடிச்சிருக்கேன்."

"என்கிட்ட ரெண்டு இருக்கு, வா!" என்றார் அப்பா.

நான் கத்தியைத் தூக்கிக்கொண்டு கடைசி நிரைக்கு ஓடினேன்.