தங்கூசி கட்டிய கிளாஸ்

கரையில் சம்மாட்டியின் வாடிக் கொட்டிலில், தென்னோலைக் கிடுகுச் சுவரோடு அடித்த பலகைத் தட்டில், ஒரு கிளாஸ் இருந்தது. பிளேன்டீ குடிக்கிற சாதாரணக் கிளாஸ்தான். ஆனால் அதன் இடுப்பில் தங்கூசி, அதாவது வலை கட்டுகிற நைலோன் நூல், ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருக்கும். அந்த நூல் வரைக்கும்தான் எனக்குச் சாராயம். அதற்கு மேலே ஒரு சொட்டும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கரையில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து வந்து, சம்மாட்டியும் நானுமாக முடிச்சை இளக்கி, நூலைக் கொஞ்சம் கீழே இறக்கி, திரும்பவும் இறுக்குவோம். இப்போது நான் குடிப்பதில்லை. ஆனாலும் யார் வீட்டில் கிளாஸில் தேத்தண்ணி தந்தாலும் என் கண் முதலில் அதன் இடுப்பைத்தான் பார்க்கிறது. எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

சம்மாட்டி என்றால் படகுக்கும் வலைக்கும் சொந்தக்காரர். சண்டைக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து உடுத்த உடுப்போடு கற்பிட்டிப் பக்கம் வந்து சேர்ந்த எங்களுக்கு, தன் வாடிக்குப் பின்னால் குடிசை போட இடம் தந்தவர் அவர். படகில் ஏற்றிக்கொண்டார். ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார். என் மகள் பிறந்தபோது கோயிலில் ஞானஸ்நானத்துக்கு அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பனும் அவர்தான். பெற்ற தகப்பனுக்கு அடுத்த இடம் அது. நான் அவரை எவ்வளவு நம்பினேன் என்று சொல்ல வேறு ஒன்றும் தேவையில்லை.

சும்மா சொல்லக்கூடாது, நான் சின்னக் குடிகாரன் இல்லை. கடலுக்குப் போக முன்னம் ஒன்று, வந்து வலை உதறின பிறகு ஒன்று, பிறகு காரணமே தேவைப்படாமல் பல. ஒரு தவக்காலத்தில், மனுசி அழுகிறாளே என்று, ஒரேயடியாக விட்டுப் பார்த்தேன். கை நடுங்கியது, சட்டை பிழியப் பிழிய வேர்த்தது, பிறகு நடுக்கடலில் இல்லாத ஆட்களோடு கதைக்கத் தொடங்கினேனாம். வலிப்பு வந்து விழுந்த என்னைப் படகின் குறுக்குப் பலகையோடு கட்டிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. குடிக்காக வார்ட்டில் கிடந்தான் என்ற கதை எனக்கு முதல் ஊருக்கு வந்துவிடும். வீட்டில் பெண்பிள்ளை வளர்ந்து நிற்கிறாள். அவளுக்கு ஒரு நல்ல இடம் அமைய வேண்டும், அதற்குள் நான் மனுசனாகிவிட வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு நினைப்பு.

இனிக் குடிப்பதில்லை என்று அந்தோனியாருக்கு நேர்ந்துகொள் என்றார்கள். எனக்குப் பயம். நேர்த்தியை முறித்தவன் ஏறின படகு கரை சேராது என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். என்னை எனக்குத் தெரியும், முறிப்பேன். என்னோடு சேர்ந்து மற்றவர்களும் ஏன் சாக வேண்டும்? அப்போதுதான் சம்மாட்டி சொன்னார்.

“ஒரேயடியா விட்டா நீ செத்துப் போவாய் தம்பி. மீன் நிறைஞ்ச வலைய வெடுக்கெண்டு இழுக்கிறனாங்களா? கொஞ்சம் கொஞ்சமாத்தானே இழுக்கிறம். போத்தல என்னட்டத் தா. ஊத்துறது நான், குடிக்கிறது நீ.”

மனுசியிடம் போத்தலைக் கொடுத்தால் சத்தம் போட்டுப் பிடுங்கிவிடுவேன். சம்மாட்டியிடம் சத்தம் போட முடியாது. அதனால் அவரிடம் கொடுத்தேன். இந்த விஷயம் அவருக்கும் எனக்கும் என் வீட்டுக்கும் மட்டும்தான் தெரியும். பின்னேரம் வாடிக்குப் போவேன், அவர் பெட்டியைத் திறந்து நூல் வரைக்கும் ஊற்றுவார், நான் குடித்துவிட்டு வீட்டுக்கு நடப்பேன். ஆரம்பத்தில் கெஞ்சியிருக்கிறேன், காலைக்கூடப் பிடித்திருக்கிறேன். “இந்த ஒரு நாள் மட்டும், நாளைக்குக் கேட்க மாட்டன்” என்பேன். “குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு, போடா வீட்டுக்கு” என்று சிரித்துக்கொண்டே பெட்டியைப் பூட்டுவார். அந்தச் சிரிப்புக்காக அவரைக் கும்பிடலாம் போல இருக்கும். நித்திரை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. மீன் குழம்பில் புளி கூடினால் நாக்குக்குத் தெரிந்தது. ஒருநாள் காலையில் கை நடுங்காமல் ஊசியில் நூல் கோர்த்தேன், அதை மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். தங்கூசி கிளாஸின் அடிப்பக்கத்துக்கு வந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் சம்பந்தம் வந்தது. நுரைச்சோலை மின் நிலையத்தில் நிரந்தர வேலை பார்க்கிற பொடியன். அமைதியானவன், கோயிலில் மகளைக் கண்டு பிடித்துப்போய்த் தாய் தகப்பனை அனுப்பினவன். மகளுக்கும் விருப்பம். வாயால் சொல்லவில்லை, ஆனால் அந்தக் கிழமை முழுக்க வீட்டில் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே திரிந்தாள். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் எடுக்கிறவர்கள் வீட்டில் விசாரிக்க மாட்டார்கள், பெண்ணின் ஞானத்தகப்பனிடம் போய் விசாரிப்பார்கள். அவர் சொல்வதுதான் முடிவு. அவர்கள் சம்மாட்டியிடம் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், என்னைவிட என்னைத் தெரிந்த மனுசனிடம் போகிறார்கள் என்று நெஞ்சு நிறைந்துபோனேன். மடையன்.

அவர்கள் திரும்பி வரவே இல்லை. ஒரு சொல்லும் அனுப்பவில்லை. மகள் பாட்டை நிறுத்தினாள். சம்மாட்டி வழக்கம்போலப் பின்னேரங்களில் ஊற்றினார். “கடவுள் வைச்சது வேற ஆக்கும், கவலைப்படாத” என்றார். அவர்களைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர், எங்களிடம் மீன் எடுக்கிற முஸ்லிம் யாவாரி, ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம். அவர்தான் ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“மச்சான், கோவிச்சுக்கொள்ளாத. அல்லாட ஆணையா, நான் பக்கத்தில ஈந்துதான் கேட்டேன். ‘பொண்ணுட வாப்பா குடிப்பாரா’ எண்டு கேட்டாங்க. ‘ஓம், ஒவ்வொரு நாளும், நான்தானே என்ட கையால ஊத்திக் குடுக்கிறன்’ எண்டு செல்லிட்டாரு ஒங்கட சம்மாட்டி. அதோட கத முடிஞ்சிது.”

நேரே வாடிக்குப் போனேன். அப்போது பின்னேரம், அவர் என்னைக் கண்டதும் வழக்கம்போலப் பெட்டியைத் திறந்தார். கேட்டேன். அவர் முகம் கறுக்கவில்லை, கண்ணும் தாழவில்லை.

“கேட்டாங்க, சொன்னன். நான் நற்கருணை வாங்கிற மனுசன், பொய் சொல்லேலுமா? நீ குடிக்கிறதில்லையா?”

“குறைச்சுக்கொண்டு வாறான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே சம்மாட்டி!”

“அதை அவங்க கேட்கேல்லையே.”

சொல்லிக்கொண்டே ஊற்றினார், நூல் வரைக்கும், ஒரு சொட்டுக் கூடாமல் குறையாமல். கிளாஸை என் பக்கம் தள்ளினார். அதை அவர் முகத்தில் வீசியிருக்க வேண்டும் என்று இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். சொல்வது லேசு. வீசியிருந்தால் அன்றிரவே கை நடுங்கத் தொடங்கியிருக்கும், திரும்பவும் போத்தலோடு போத்தலாகக் கிடந்திருப்பேன். கழுத்தை அறுத்தவன் கையிலிருந்தே மருந்தையும் வாங்கிக் குடிக்க வேண்டியிருந்தது. குடித்தேன். என் வாழ்க்கையில் குடித்த அத்தனையிலும் கசந்தது அதுதான். பிறகு போத்தலையும் கிளாஸையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் தடுக்கவில்லை.

யாவாரி நானா சொன்னது வீட்டில் மகள் காதுக்கும் வந்திருந்தது. அடுத்த நாள் பின்னேரம் தானே கிளாஸை எடுத்து ஊற்றினாள். எனக்காகத் தன் கலியாணத்தைப் பறிகொடுத்தவள், என் பங்கை அளந்து தந்தாள். நான் சம்மாட்டியைத் திட்டத் தொடங்கினால் மட்டும், “அவர் சொன்னது பொய்யில்லையே அப்பா” என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அந்த மனுசன் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் வரும். பொய் சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன், ஊரைக் கூட்டியிருப்பேன். உண்மையை எடுத்து அறுத்தால் என்ன செய்ய முடியும்? நூல் அடியைத் தொட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கிளாஸை எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. விட்டது அப்படித்தான்.

சில மாதங்களில் அந்த மின் நிலையப் பொடியனுக்குக் கலியாணம் நடந்தது. பெண், சம்மாட்டியின் தம்பியின் மகள். மணவறைக்குப் பக்கத்தில் புது வேட்டியோடு நின்று ஆட்களை வரவேற்றவர் சம்மாட்டி. எனக்கும் சொல்லி அனுப்பினார், அதுதான் நெஞ்சழுத்தம்! கூட இருந்து குழி பறிப்பது என்று சொல்வார்களே, அதைக் கண்ணால் கண்டவன் நான். இப்போதும் ஊரில், “சம்மாட்டி இல்லாட்டி நீ எப்பவோ மண்ணுக்குள்ள” என்று சொல்கிறவர்கள் உண்டு. அதுவும் பொய்யில்லை. அதனால்தான் அவரை முழுசாக வெறுக்கக்கூட எனக்கு வழியில்லை.

அதற்குப் பிறகு எனக்கு யாரிடமும் யாரைப் பற்றியும் விசாரிக்கப் பிடிக்கவில்லை. விசாரணை என்றாலே அந்த வாடிதான் கண்ணுக்குள் வந்தது. நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. அவர்களும் எங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தூரம் நல்லது, இந்தக் கரையின் கதைகள் அங்கே போகாது என்று நினைத்தேன். கோயிலில் மாலை மாற்றிக் கட்டிக் கொடுத்தோம்.

போன கிழமை மகள் போன் எடுத்தாள். பேரப்பிள்ளையின் இருமல், மழை, மீன் விலை என்று கதைத்துக்கொண்டு போனவள், குரலைத் தாழ்த்தி, மருமகன் இந்த மாதம் கொஞ்சம் குறைத்திருக்கிறார் என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. “எதைக் குறைச்சவர்?” என்றேன்.

கேட்டு முடிக்கும்போதே விளங்கிவிட்டது. பிறகு, “ஆர் பிள்ள ஊத்துறது?” என்று கேட்டேன்.

“நான்தான் அப்பா,” என்றாள். “ஆருக்கும் சொல்லிப்போடாதீங்க.”