பொழுது சாய்ந்தால் திரும்பும் காற்று

கூடாரத்துக்குள் மெத்தையும் அடுப்பும் போட்டுவிட்டால் இங்கே அதற்குக் கிளாம்பிங் என்று பெயர். அதிலும் யர்ட் என்றால் இன்னும் கிராக்கி. வட்டமான மரச்சட்டத்தின் மேல் கம்பளியும் கித்தானும் போர்த்திய, மங்கோலியர் வீடு மாதிரியான கூடாரம் அது. மணப்பாடு திருவிழாவுக்குப் போய், கோயிலுக்குக் கீழே மணலில் பாய் விரித்துப் படுத்து, விடிந்ததும் காதிலிருந்து மணலைத் தட்டியவள் நான். வெட்டவெளியில் படுக்க முன்பதிவு செய்ய வேண்டும் என்பது இத்தனை வருடம் கழித்தும் எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. சிரித்துக்கொண்டே போன மே மாதம் நானும் முன்பதிவு செய்தேன். வேல்ஸ் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் வெள்ளி முதல் ஞாயிறு வரை, நானும் என் வீட்டுக்காரர் சேவியரும்.

போனது ஓய்வுக்கு மட்டுமில்லை. கார்டிஃபில் நான் நர்ஸாக இருக்கும் மருத்துவமனையில், வேலையைத் தொடர்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். எனக்கு இங்கே இருக்க ஆசை. சேவியர் எனக்குப் பின்னால் வந்தவர். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் இழுக்கும் டக் படகில் கயிறு பிடித்தவர், இங்கே ஜன்னல் இல்லாத ஒரு கோடவுனில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து ஒரு குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பயம். "மலைக்குப் போயிட்டு வருவோம், ஞாயித்துக்கிழம சொல்லுதேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

யர்ட்டின் சொந்தக்காரி மெகன் என்ற பண்ணைக்கார அம்மாள். பையைக்கூட இறக்காமல் சேவியர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, கடல் எந்தப் பக்கம் என்பது. அவள் பாவம், நாங்கள் கடற்கரைக்குப் போக ஆசைப்படுகிறோம் என்று நினைத்து, காரில் போகும் வழியைச் சொல்லி, அங்கே எந்தக் கடையில் ஐஸ்கிரீம் நன்றாக இருக்கும் என்பதையும் சொன்னாள். சேவியர் அவள் கை காட்டிய திசையை மட்டும் எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார்.

எங்கள் கரையில் வளர்ந்தவர்களுக்கு இது விட முடியாத பழக்கம். கடல் எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தான் காற்று பிடிபடும். மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து கொண்டல் காற்று எழுந்தால் பொழுது அடைந்த பிறகும் அதே பக்கமிருந்துதான் அடிக்கும். அதை நம்பித்தான் எங்கள் தெருவில் மீன் சுடுவார்கள். மணமாகிப் போன புதிதில், காலையில் கண் விழித்ததும் இவர் வாசலுக்குப் போய் நிற்பதைப் பார்த்து, யாரையோ எதிர்பார்க்கிறார் என்று நினைத்திருக்கிறேன். காற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் மசாலா தடவிய அயிலை மீனைச் சுட, யர்ட்டுக்கு வெளியே மெகன் வைத்திருந்த இரும்புச் சட்டியில் தீ மூட்டத் தயாரானோம். சட்டி கூடாரத்துக்குக் கீழே, பள்ளத்தாக்கு இறங்கும் பக்கம் இருந்தது. சேவியர் அதைத் தூக்கிக்கொண்டு மேல்பக்கம், கூடார வாசலுக்கு நேரே கொண்டுபோய் வைத்தார்.

"கடல் பள்ளத்துப் பக்கம் இருக்கு. காத்து அங்கருந்துதான் வரும். புகை மலைக்குப் போயிரும்."

"அந்தம்மா ஏன் அங்கன வச்சிருக்காங்க?"

"அவங்களுக்கு என்ன தெரியும்? கடலக் கேட்டா ஐஸ்கிரீம் சொல்லுதாங்க."

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. காற்று சற்று நின்றது. பிறகு மேலே மலையிலிருந்து குளிர்ந்து இறங்கி, சட்டியிலிருந்த புகையை அப்படியே எங்கள் மெத்தைமேல் கொண்டுபோய்ச் சேர்த்தது. யர்ட் தீப்பிடித்துவிட்டது என்று மெகன் வாளியோடு ஓடி வந்தாள். மீனைத் தவிர வேறெதுவும் வேகவில்லை என்று தெரிந்ததும் மூச்சுவாங்கச் சிரித்தாள். பொழுது சாய்ந்தால் இங்கே காற்று மலையிலிருந்துதான் வரும் என்றாள்.

சேவியர் சிரிக்கவில்லை. காற்றில் அவர் தப்புச் சொல்லி நான் பார்த்ததே இல்லை. அன்றிரவு மீன்வாடை அடிக்கும் போர்வைக்குள் அவர் முதுகைப் பார்த்தபடி, ஊருக்கே போயிருவோம் என்றுதான் சொல்லப்போகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் காலை என் பழைய சேலையில் ஒரு கீற்றைக் கிழித்துக் குச்சியில் கட்டி, வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் ஆட்டு மந்தைகளுக்கு நடுவே நடந்தேன், ஓடையில் கால் நனைத்தேன், மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். எழுந்து வந்தபோதும் அவர் சேலைக் கீற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் சாய்வதற்கு முன் எழுந்துபோய், சட்டியைப் பழைய இடத்திலேயே வைத்தார். காற்று திரும்பியது. புகை எங்களை விட்டு விலகிக் கீழே போனது. என்னைப் பார்க்காமல் மீனைத் திருப்பிப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அன்று யர்ட் வாசலில் ஜெபமாலை சொல்லி முடித்ததும் கேட்டேன்.

"இன்னைக்குச் சொல்லுதேன்னீங்களே?"

"ஒரு ஊர்க் காத்து ஒரு நாள்ல பிடிபடுமா ஏளா? வாடை மாசத்துல இங்கன எப்படி அடிக்குன்னு பாக்க வேண்டாமா? ஒரு வருசத்துக்கு எழுதிக் குடு." குச்சியிலிருந்து சேலைக் கீற்றை அவிழ்த்துக்கொண்டே, "ஆனா அந்தக் கோடவுன் வேண்டாம். அங்கன காத்தே இல்ல" என்றார்.

நான் அழுதேன். சந்தோஷத்தில் என்று அவர் நினைத்துக்கொண்டார். பாதி அதுதான். மீதி, அவர் போயிருவோம் என்று சொல்லாமல் போனதில் வந்த ஏமாற்றம். அப்படி ஒன்று எனக்குள் இருந்தது அதுவரை எனக்கே தெரியாது.

இப்போது அவருக்குப் பூங்காவில் புல் வெட்டும் வேலை. அந்தச் சேலைக் கீற்று எங்கள் கொல்லைப்புற வேலியில் பறக்கிறது. காலையில் அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, ஊரில் வள்ளம் வைத்திருக்கும் தம்பிக்குப் போன் போடுகிறார்.

"என்னலே, காத்து எப்படி?"

"மேக்கருந்து கச்சான்தாம்ணே, வலுவா அடிக்கு. அங்கன?"

இவர் கீற்றைப் பார்த்துச் சொல்கிறார். நான் ஈரத்துணிக் கூடையோடு கொடிக்கருகே நிற்கிறேன். என் துணியைக் காயவைக்கப்போவது எந்தக் காற்று என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டு ஊர்க் காற்றையும் கேட்காமல் முதல் துணியை உதறக் கை வருவதில்லை.