ஆயர் இல்லாத சபையில் அப்பப்பாவைத் தேடியது

டென்மார்க்கின் கோல்டிங் நகரில் மகளின் கொன்பர்மேஷன் நெருங்கிக்கொண்டிருந்தது. ஞானஸ்நானத்தைப் பிள்ளை தன் வாயாலேயே உறுதிசெய்கிற நாள். விருந்தில் தகப்பன் எழுந்து பேசுவது இந்த நாட்டு வழக்கம். எங்கள் குடும்பம் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த கதையைச் சொல்ல எனக்கு ஆசை. தெரிந்ததோ கொஞ்சம்தான்: யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போன அப்பப்பா, அதாவது அப்பாவின் தகப்பன், அங்கே பிரஸ்பிட்டேரியன் சபையில் சேர்ந்தார்.

என் சகலன் பரம்பரைக் கத்தோலிக்கர். வாயால் அவரை வெல்ல ஆளில்லை.

“தம்பி, உம்மட சபைக்கு ஆயருமில்லை, ஒருத்தருமில்லை. தலையில்லாத முண்டம். உதில எங்க பதிவு கிடக்கப்போகுது? பேசாமல் கேக்கை வெட்டிப்போட்டு இரும்.”

ரோசம் வந்துவிட்டது. ஆனால் டென்மார்க் பழக்கம் விடவில்லை. இங்கே திருச்சபை என்றால் மேலே பிஷப், அதாவது ஆயர், இருப்பார். நானும் இலங்கையில் ஓர் ஆயர் இல்லத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தேன். அப்படி ஒருவர் எங்கள் பதிவில் இல்லை என்று பதில் வந்தது.

முகம் தொங்கிப்போய், அப்பா விட்டுப்போன அந்த மலைநாட்டுச் சபைப் படத்தை எடுத்துப் பார்த்தேன். போதகர் ஓரத்தில் நிற்கிறார். நடுவில் கதிரைகளில் இருப்பவர்கள், சபை தெரிந்தெடுத்த மூப்பர்கள். அவர்கள் கூடித்தான் எதையும் தீர்மானிப்பார்கள் என்று அப்பா சொல்வார். அப்படியென்றால் புத்தகங்களும் அவர்களிடம்தானே இருக்கும்?

அந்தச் சபையின் மூப்பர் கூட்டச் செயலாளரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

“ஆயர்கிட்டயா கேட்டீங்க? நல்லா கேட்டீங்க போங்க. அவருக்கும் நமக்கும் என்ன தம்பி? எல்லாம் நம்ம அலமாரியில இருக்கு.”

அந்தக் கிழமையே பதிவுப் பக்கங்களின் படங்கள் வந்தன. ஞானஸ்நானப் பதிவில் அப்பப்பா இருந்தார். மூப்பர் கூட்டக் குறிப்பிலும் இருந்தார்: திருவிருந்துக்கு ஏன் வருவதில்லை என்று அவரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் காய்ச்சல், நோயாளிகளைப் பார்க்க வேறு ஆளில்லை என்பது அவர் மறுமொழி. சில பக்கங்கள் தள்ளி, சபை அவரையே மூப்பராகத் தெரிந்தெடுத்திருந்தது.

விருந்தில் எழுந்து அதை அப்படியே வாசித்தேன். மண்டபம் கைதட்டியது. முதியோர் இல்லத்தில் வேலை செய்யப்போகிறேன் என்று சொல்லித் திரிகிற மகள், “அப்ப நான் அவர் மாதிரி” என்று டேனிஷில் சொன்னாள்.

சகலன் கதிரையை என் பக்கம் இழுத்தார்.

“தம்பி, எங்கட ஆக்களையும் ஒருக்காத் தேடித்தாருமன்.”

“உங்களுக்குத்தான் தலை இருக்கே அண்ணை,” என்றேன். “அவரிட்டயே கேளுங்கோ.”