அக்காவின் மண்ணை எங்கே வைப்பது

மழை வந்தால் நான் பின் ஜன்னலில் போய் நிற்பது உங்கள் இருவருக்கும் ஒரு வேடிக்கை. "அப்பா, என்ன தேடுறீங்க?" என்று சின்னவள் கேட்பாள். அங்கே இருப்பது கார் நிறுத்தும் இடமும் குப்பைத் தொட்டிகளும்தான். கனடாவில் நாம் இருக்கும் ஊர் ரொட்டி தட்டிப் போட்டதுபோலத் தட்டை. ஆனாலும் மழைச் சத்தம் கேட்டதும் என் கண் வீட்டுக்குப் பின்னால் ஒரு மலையைத் தேடுகிறது. மண் அசைகிறதா, தண்ணீர் கலங்கி வருகிறதா என்று பார்த்துப் பழகிய கண் அது. இங்குள்ளவர்கள் மழை வந்தால் குடையைத் தேடுகிறார்கள். அவ்வளவுதான்.

இந்த முறை லீவு கேட்கப் போனபோது, அக்காவின் நினைவு நாளுக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். எங்கள் பேக்கரி சூப்பர்வைசர் நல்ல மனுசி. அக்காவை எங்கே அடக்கம் செய்திருக்கிறது என்று கேட்டாள். மலைக்கு அடியில் என்றேன். "ஓ, பியூட்டிஃபுல்!" என்றாள். சீராகப் புல் வெட்டிய மயானமும், உட்கார ஒரு பெஞ்சும், மரநிழலும் அவள் மனதில் வந்திருக்கும். மலைதான் வந்து அக்காவின் மேல் விழுந்தது என்று விளக்க எனக்கு வாய் வரவில்லை. தாங்க் யூ சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். உங்கள் அத்தை, என் அக்கா, இலங்கையில் நாவலப்பிட்டிக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். அம்மா இறந்த பிறகு என்னையும் உங்கள் செல்வம் சித்தப்பாவையும் வளர்த்தவள் அவள்தான். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அவளுக்குக் கடைசிக் காம்பரா, சித்தப்பாவுக்கு நடுக் காம்பரா. நாள் கணக்கில் விடாமல் பெய்த மழையில் ஒரு நாள் காலையில் லயத்துக்கு மேலே இருந்த மேட்டு மண் இறங்கியது. கடைசிக் காம்பராக்களை மூடிவிட்டு, சித்தப்பாவின் சுவரோடு நின்றது. நான் அதற்கு முன்பே கனடா வந்துவிட்டிருந்தேன். மெஷின் வைத்துத் தோண்டினார்கள். மற்றவர்களின் உடல்கள் கிடைத்தன. அக்கா கிடைக்கவில்லை. மறுபடியும் மழை பிடித்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்தச் சரிவில் மானாப்புல் முளைத்திருக்கிறது. அதன் ஓரத்தில், தோட்டத்துப் பொடியன்கள் சேர்ந்து கட்டிய ஒரு சீமெந்துத் தூண் நிற்கிறது. அதுதான் நினைவிடம்.

பிழைத்தவர்களுக்கு ஆற்றுக்கு அக்கரை மலையில் வீடு கட்டிக் கொடுத்தாயிற்று. எல்லாரும் போய்விட்டார்கள். சித்தப்பா மட்டும் புது வீட்டுச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, பெண்சாதியையும் வைத்துக்கொண்டு அதே நடுக் காம்பராவில் இருக்கிறான். மேட்டில் புதிதாக வெடிப்பு விட்டிருக்கிறது என்று அவன் பெண்சாதி, உங்கள் ஜோதி சித்தி, போனில் அழுதாள். நினைவு நாளுக்குப் போகிறேன் என்று சொன்னேனே தவிர, மழைக்கு முன்னால் அவனை அங்கிருந்து கிளப்பத்தான் நான் போனேன். ப்ளேனில் ஏறியதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்டியில் பஸ் மாறும்போதுகூட வானத்தைத்தான் பார்த்தேன்.

வாசலிலேயே சித்தி பிடித்துக்கொண்டாள். "வாங்க அத்தான். அந்த நாட்டுப் பாணும் பட்டரும் தின்னு நல்லாத்தான் ஊதியிருக்கீங்க. தம்பிக்குப் புத்தி சொல்லத்தானே வந்தீங்க? சொல்லுங்க. எனக்குத் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு."

"வந்த மனுசனுக்கு மொதல்ல தேத்தண்ணியக் குடு" என்றான் செல்வம்.

தேத்தண்ணி குடித்த கையோடு மேட்டுக்கு ஏறினோம். வெடிப்பில் என் கை மணிக்கட்டு வரை போனது. "இது பழசுண்ணே" என்றான் அவன். பழசென்றால் ஓரத்தில் புல் முளைத்திருக்க வேண்டும். பச்சை மண்ணாக இருந்தது. நான் வெடிப்பைப் பற்றிப் பேசினேன், அவன் மாட்டைப் பற்றிப் பேசினான். நான் மழையைச் சொன்னேன், அவன் கனடாக் குளிரை விசாரித்தான். கூடப் பிறந்தவனோடும் இப்படி ஒரு பேச்சு நடக்கும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

மறுநாள் காலையில் நினைவிடத்துக்குப் போனோம். அக்கரையிலிருந்தும் சனம் வந்து, படைத்து, கும்பிட்டுவிட்டுப் போனது. ஒரு வாழையிலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்து, பக்கத்தில் ஒரு கோப்பை பால் விடாத சாயத்தண்ணி வைத்தாள் சித்தி. அக்காவுக்கு அதுதான் பிடிக்கும். எனக்கோ நிற்க முடியவில்லை. காலடியில் எங்கே இருக்கிறாள், இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று தெரியாமல் எங்கே கால் வைப்பது? சூடம் அணைந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. நம் தோட்டத்து முனியாண்டி சாமி எப்படி அங்கே வந்தார் தெரியுமா? இந்தியாவிலிருந்து கப்பலேறியவர்கள் ஊர்க்கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்து தோட்டத்தில் ஒரு மரத்தடியில் வைத்தார்கள். மண்ணோடு சாமியும் வந்துவிட்டது. அதைப் பிடிமண் என்பார்கள். நான் குனிந்து, தூணுக்குப் பக்கத்தில் ஒரு கை மண் அள்ளி, தேங்காய் கட்டிவந்த துணியில் முடிந்து தம்பியிடம் நீட்டினேன்.

"இந்தா. புது வீட்டு நிலைப்படிக்குக் கீழ வை. அக்காவும் ஒங்கூட வந்துரும்."

சித்தி பாய்ந்து வந்தாள். "என்ன அத்தான் செய்றீங்க! சாமிக்குத்தானே பிடிமண் எடுப்பாங்க. செத்தவங்க மண்ணை யாராச்சும் வீட்டுக்குள்ள கொண்டு போவாங்களா? கேதத்துக்குப் போனாலே தலை முழுகிட்டுத்தானே வாசப்படி ஏறுறோம்? கனடா போனதும் எல்லாம் மறந்துபோச்சா?"

அவள் சொன்னது சரிதான். என் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் செல்வத்தின் முகம்தான் மாறியது. "செத்தவங்களா? செத்துப்போச்சுன்னு யாரு பார்த்தா?" என்றான். "நீ பார்த்தியா? அண்ணன் பார்த்துச்சா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவன் அக்காவுக்குக் கருமாதி செய்யவே இல்லை. வருசா வருசம் சாப்பாடு வைக்கிறான். ஆனால் மொட்டை போட்டதில்லை, காரியம் பண்ணினதில்லை. வெடிப்பும் மழையும் அவனுக்கும் தெரியும். அக்கா திரும்பி வந்து நின்றால் லயத்தில் கதவு திறக்க ஆள் வேண்டும் என்றுதான் அவன் அங்கே காத்துக் கிடக்கிறான்.

சித்தி அழவில்லை. இலையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "செத்தவங்கன்னா இது சுடுகாட்டு மண். இங்கேயே கொட்டிட்டு நாம போவோம். இல்ல, அண்ணி நமக்குச் சாமின்னு சொல்லுங்க, நானே தலையில வச்சுத் தூக்கிட்டு வாறேன். ரெண்டுல ஒன்னைச் சொல்லுங்க."

அவன் துணியை என் கையிலிருந்து வாங்கினான். முடிச்சைக் கையில் வைத்து அமுக்கிக்கொண்டே இருந்தான்.

"சரி. நான் நாளைக்குப் புது வீட்டுல பால் காய்ச்சப் போறேன். வர்றவங்க வாங்க" என்றாள் சித்தி.

"நல்ல நேரம் பார்க்காமயா?" என்றேன்.

"மழைக்கு முந்தின நேரம் எல்லாமே நல்ல நேரம்தான் அத்தான். விடிஞ்சதும் பானையைத் தூக்குங்க."

மறுநாள் பானை, பாய், சாமிப் படம் எல்லாவற்றையும் நானும் சித்தியும் சுமந்துகொண்டு ஆற்றைத் தாண்டி ஏறினோம். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவள் சொல்லியும் நான் பார்த்துக்கொண்டே போனேன். பாதி ஏற்றத்தில் அவன் மாட்டை ஓட்டிக்கொண்டு பின்னால் வருவது தெரிந்தது. ஒரு கையில் மாட்டுக் கயிறு, மறு கையில் அந்த முடிச்சு.

வெள்ளையடித்த புது வீடு. உள்ளே பால் பொங்கியது. சித்தி வாசலுக்கு வந்து அவன் கையைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். முடிச்சோடு உள்ளே வரவும் இல்லை, அதைக் கீழே போடவும் இல்லை. கடைசியில், வெளிச்சுவரில் துணிக்கொடி கட்ட அடித்திருந்த ஆணியில் அதை மாட்டினான். சித்தி ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அவன் தலையில் ஊற்றினாள். சொட்டச் சொட்ட உள்ளே வந்து, சுவரோரம் உட்கார்ந்து, கோப்பைப் பாலைக் குடித்தான். "இன்னைக்குப் படுக்கிறேன். நாளைக்கு என்னமோ" என்றான். அது போதும் என்று சித்தி எனக்குக் கண் காட்டினாள்.

அன்று மத்தியானமே மழை தொடங்கியது. சாரல் சுவரில் அடித்தது. முடிச்சு நனைந்து, துணியிலிருந்து செம்மண் தண்ணீர் புது வெள்ளைச் சுவரில் கோடாக இறங்கியது. சித்தி துடைக்கத் துணியை எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றாள். பிறகு துடைக்காமல் உள்ளே வந்துவிட்டாள். அந்தத் தண்ணீர் சுவரில் பாதி தூரம் இறங்கி, வீட்டுக்குள்ளும் வராமல், தரையையும் தொடாமல், அங்கேயே ஊறிக்கொண்டிருந்தது.