சித்தி என்று வந்தவள்

சிறார் நீதிமன்றத்தில் தட்டச்சு வேலைக்கு வந்து பதினேழு வருடம் ஆகியிருந்தது. எல்லோருக்கும் அவள் டைப்பிஸ்டக்கா. பிள்ளைகள் அழுதுகொண்டே சொல்வதை, கண் கலங்காமல் அடிக்கப் பழகியிருந்தாள். "காதுல விழுறது நேரா விரலுக்குப் போயிடும். நடுவுல மனசுன்னு ஒண்ணு இருந்தாத்தானே வம்பு!" என்று சிரிப்பாள்.

அன்று போலீஸ்காரம்மா கூட்டிவந்த பெண்ணுக்குப் பதினாலு வயது. ஒரு லாட்ஜில் போலீஸ் சோதனை போட்டபோது சிக்கியவள். கையிலிருந்த அடையாள அட்டையில் இருபது வயது என்று இருந்தது. அதனால் பொய் அட்டை வைத்திருந்ததாக வழக்கும் அவள் மேல்தான். அவளை அங்கே கொண்டுபோய் விட்டவர்களைப் பற்றி வழக்குத் தாளில் ஒரு வரிகூட இல்லை.

"அட்டையை யாரும்மா குடுத்தது?" நீதிபதி தன்மையாகத்தான் கேட்டார்.

பெண் முன்வரிசை பெஞ்சில் இருந்தவளையே பார்த்தாள். சித்தி என்று சொல்லி, சான்றிதழ்களோடு வந்திருந்தவள். "கூடாத சகவாசம்ங்கய்யா. இனிமே கண்ணும் கருத்துமா பார்த்துக்கறேன்" என்றாள் அந்தச் சித்தி.

இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் பெண் டைப்பிஸ்டக்காவின் முந்தானையைப் பிடித்தாள்.

"அக்கா, சித்திகூட அனுப்பாதீங்க. அவங்கதான் என்னை அங்க விட்டாங்க."

"அதை உள்ள சொல்லேண்டி!"

"தங்கச்சி அவங்க வீட்டுல இருக்கா அக்கா. ஒன்பது வயசு."

பதினேழு வருடத்தில் முதல் தடவையாக அவள் நீதிபதியின் அறைக்கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னாள். அவர் பெண்ணை மறுபடி கூப்பிட்டார். ஆனால் சித்தியை வெளியே போகச் சொல்லத் தோன்றவில்லை அவருக்கு.

"இவங்க மேல ஏதாவது புகார் இருக்காம்மா?"

"இல்லைங்க."

காப்பகத்தில் இடமில்லை என்றார் குமாஸ்தா.

"புகாரும் இல்ல, இடமும் இல்ல. நான் என்னதான் செய்ய?" என்ற நீதிபதி, உத்தரவைச் சொல்லத் தொடங்கினார். சிறுமி உறவினர் வசம் ஒப்படைக்கப்படுகிறார்.

டைப்பிஸ்டக்காவின் விரல்கள் நின்றன.

"அடிங்கம்மா."

அடித்தாள்.

மறுநாளே குழந்தைகள் நல அலுவலருக்கு மனு எழுதினாள். எட்டு நாள் கழித்து அவர் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. இரண்டு பெண்பிள்ளைகளோடு காலி செய்துவிட்டுப் போனார்கள் என்றார்கள் அக்கம்பக்கத்தில்.

அடுத்த விசாரணைக்கு அந்தப் பெண் வரவில்லை. வராத குற்றத்துக்கு அவளைப் பிடித்துவர உத்தரவு பிறந்தது. அதையும் டைப்பிஸ்டக்காதான் அடித்தாள். பிறகு, நில வழக்குகள் நடக்கும் நீதிமன்றத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்தாள்.

கிடைக்கவில்லை.